மலைப்பள்ளியில் ஓர் இணைய வகுப்பேடு: நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலையில், ஏற்காடு டவுனை விட்டுத் தள்ளி இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பில் 26 பிள்ளைகள். பெற்றோரில் பலர் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்கென்று ஒரு மடிக்கணினி உண்டு. இணையம் ஆசிரியரின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலிருந்து வர வேண்டும். அந்த ஆசிரியரோ சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருகிறவர். இந்த வகுப்பு நடத்திய இணைய வகுப்பேடு முதல் பருவத்தில் படுத்துவிட்டது. இரண்டாம் பருவத்தில் எழுந்து, ஆண்டு முடியும்வரை நின்றது. நடுவில் என்ன மாறியது என்பதுதான் இந்த ஆய்வு. பள்ளியின் பெயரையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்.

வகுப்பேடு என்று இங்கே சொல்வது வீட்டுப்பாடம் அனுப்பும் வாட்ஸ்அப் குழுவையும் அல்ல, ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டையும் அல்ல. வகுப்பில் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று பிள்ளைகளே முறைவைத்து எழுதும் பொது நாட்குறிப்பு. நம் ஊரில் இதற்கு மூத்தது கையெழுத்துப் பத்திரிகை. பிரான்சில் செலஸ்தேன் ஃபிரெனே என்ற பள்ளி ஆசிரியர் 1924-இல் வகுப்புக்குள் ஓர் அச்சு இயந்திரத்தையே கொண்டுவந்து, பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே அச்சடிக்க வைத்தார். இணையம் வந்ததால் அச்சுச் செலவு போயிற்று. எழுத வைக்கும் பாடு அப்படியேதான் இருக்கிறது.

முதல் பருவம்: ஏன் படுத்தது

ஜூனில் போட்ட திட்டம் எளிமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் வாரம் ஒரு குறிப்பு எழுதி, வீட்டுக் கைப்பேசியில் குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியர் அவற்றைச் சேர்த்து ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பில் ஏற்றுவார். ஆகஸ்டில் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் நாலைந்து பேர். வாராவாரம் அதே நாலைந்து பேர்.

கைப்பேசி அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விடும், இருட்டிய பிறகுதான் வீடு திரும்பும். வந்த குறிப்புகளும் ஒரே வடிவில் வரவில்லை. நோட்டுப் பக்கத்தின் படம், குரல் பதிவு, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், கைப்பேசி விசைப்பலகையில் அடித்த தமிழ், டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்து வாங்கியது என்று ஐந்து தினுசு. எல்லாவற்றையும் ஆசிரியர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. 26 குறிப்பு, குறிப்புக்கு 80 சொல் என்றால் 2,080 சொல். நிமிடத்துக்கு 15 சொல் வேகத்தில் அடித்தாலும் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல். எந்த ஆசிரியரும் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குக் கொடுப்பார்?

ஆனால் ஆழத்தில் இருந்த கோளாறு வேறு. எழுதுவதும் ஏற்றுவதும் ஒரே வேலையாகக் கட்டப்பட்டிருந்தன. சிக்னல் இல்லாவிட்டால் ஏற்ற முடியாது. ஏற்ற முடியாத அன்று யாரும் எழுதுவதும் இல்லை. பனி இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று மலையில் சொல்வார்கள். கைப்பேசி அலைவரிசையை மூடுபனி பெரிதாகத் தடுப்பதில்லை. பனியோடு சேர்ந்து காற்றும் மழையும் வருகிற நாளில், காப்பிக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழும் (அந்த மரத்தின் கிளை காற்றுக்குச் சட்டென்று முறியும்). மின்சாரம் போகும், கோபுரத்தின் பேட்டரி தீரும், அப்புறம் சிக்னல் போகும். மேடும் பள்ளமும் மறைக்கிற இடங்களில் நல்ல நாளிலேயே ஒரு கோடுதான். இந்த ஊரில் தினமும் இணையத்தை நம்பி ஓர் ஏடு நடத்த முடியாது.

காகிதம் தினமும், இணையம் வெள்ளிக்கிழமை

அக்டோபரில் மாற்றியது இதைத்தான். லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு ஒன்று, ஒரு நாளுக்கு ஒரு பக்கம். 26 பேரை 13 ஜோடியாகப் பிரித்து, நாளுக்கு ஒரு ஜோடி. ஒரு ஜோடிக்கு 13 பள்ளி நாளுக்கு ஒருமுறை முறை வரும். அலுக்கவும் அலுக்காது, மறக்கவும் மறக்காது. நன்றாக எழுதும் பிள்ளையோடு எழுதத் தயங்கும் பிள்ளையைச் சேர்த்தார்கள். ஆனால் பேனா தயங்குகிறவர் கையில்; மற்றவர் சொல்லலாம், எழுதக் கூடாது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் 13 ஜோடி என்பது 13 எழுத்தாளர்களாகவும் 13 பார்வையாளர்களாகவும் ஆகிவிடும்.

கடைசிப் பாடவேளையின் கடைசி 12 நிமிடம் ஏட்டுக்கு. பக்கத்தின் மேலே தேதி, வெப்பநிலை, மழை அளவு, வருகை எண்ணிக்கை. கீழே மூன்று பத்தி: இன்றைய பாடத்தில் ஒன்று, வெளியே பார்த்தது ஒன்று, விடை கிடைக்காத கேள்வி ஒன்று. மொத்தம் 60 முதல் 100 சொல். மூன்றாவது பத்திதான் ஏட்டின் உயிர். அதை விருப்பம் போல விட்டால் காலியாகவே இருக்கும். கட்டாயமாக்கியதும் பிள்ளைகள் கேள்வி தேட ஆரம்பித்தார்கள்.

மறுநாள் மதிய உணவு முடிந்து அதே ஜோடி தங்கள் பக்கத்தைத் தட்டச்சு செய்யும். ஒருவர் வாசிக்க, ஒருவர் அடிக்க, 20 நிமிடத்துக்குள் முடியும்; வியாழன் பக்கமும் வெள்ளி மதியத்துக்குள் கணினிக்கு வந்துவிடும். இதற்கு இணையம் வேண்டாம், லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற இலவச எழுது மென்பொருள் போதும். வெள்ளிக்கிழமைப் பக்கம் அடுத்த வாரக் கணக்கு. வெள்ளி மாலை சிக்னல் கிடைக்கும் வராந்தா மூலையில் ஹாட்ஸ்பாட் போட்டு, வாரத்தின் ஐந்து பக்கத்தையும் ஒரே மூச்சில் கூகுள் டாக்ஸில் ஒட்டுவார்கள். ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். வெறும் கண்ட்ரோல் வி போட்டால் ரைட்டரின் எழுத்துருவும் வரி இடைவெளியும் கூடவே வந்து, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவில் நிற்கும். அந்த வெள்ளி சிக்னல் இல்லையா, அடுத்த வெள்ளி பத்துப் பக்கம். குடி முழுகாது.

மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றால் ஆசிரியரும் வர முடியாது. அந்த நாட்களிலும் நோட்டு நிரம்பியிருந்தது. திட்டம் பிடித்துக்கொண்டதற்கு அதுவே சாட்சி.

கோப்பு அமைப்பில் இரண்டு விஷயம் முக்கியம். மாதத்துக்கு ஒரு கோப்பு; ஆண்டு முழுவதையும் ஒரே கோப்பில் வைத்தால் மலிவான கைப்பேசியில் திறக்கவே திணறும். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம் என்ற வரிசையில், 2025-07 என்பதுபோல் இருக்க வேண்டும். மாதப் பெயரை முன்னால் எழுதினால் அக்டோபர் தலையிலும் ஜூன் நடுவிலும் போய் உட்காரும். ஒவ்வொரு தேதிக்கும் தலைப்புப் பாணி கொடுத்தால் பக்கவாட்டில் தானாகவே உள்ளடக்கம் வரும். தடித்த எழுத்தை மட்டும் நம்பக் கூடாது.

மழை அளக்கும் பாட்டில்

ஏட்டில் பிள்ளைகள் அதிகம் சண்டை போட்டது மழைக் கட்டத்தைப் பற்றி. அதனாலேயே அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் தோள் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல் துண்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் புனல். பாட்டில் பக்கச்சுவர் நேராக இருக்க வேண்டும். இடுப்பு குறுகிய பாட்டில் ஆகாது. புனலின் மேல் விளிம்பின் அகலமும் பாட்டில் உடலின் அகலமும் ஒன்றாக இருப்பதால் உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரமே மழை அளவு. 12 மில்லிமீட்டர் உயரம் என்றால் 12 மில்லிமீட்டர் மழை. அடிப்பாகம் மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, சுவர் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைப் பூஜ்யமாக வைத்து அளவுகோல் பட்டையை ஒட்ட வேண்டும். அளந்ததும் தண்ணீரைப் பூஜ்யக் கோட்டுக்கு இறக்க வேண்டும். வெயில் நாளில் ஆவியாகிக் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் ஊற்றி ஏற்ற வேண்டும். மரத்தடியில் வைத்தால் கிளை மழையைத் தடுக்கும், பிறகு சொட்டும். மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைப்பது நல்லது. காற்றில் சாயாமல் மணல் நிரப்பிய வாளிக்குள் நிறுத்தினார்கள்.

தவறு நடப்பது அளப்பதில் அல்ல, எழுதுவதில். வானிலைத் துறை காலை 8.30-க்கு அளந்து, முந்தைய 24 மணி நேர மழையாகக் குறிக்கிறது. பள்ளியில் அது 9.30 ஆனது, பரவாயில்லை, தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். திங்கட்கிழமை காலை பாட்டிலில் இருப்பது மூன்று நாள் மழை. அதைத் திங்கள் மழை என்று எழுதினால் ஏட்டில் எல்லாத் திங்களும் புயலாகத் தெரியும். "வெள்ளி முதல் திங்கள் வரை சேர்த்து 41" என்றே எழுத வேண்டும். இன்னொன்று: அளக்க மறந்த நாளில் பூஜ்யம் போடக் கூடாது. "பார்க்கவில்லை" என்று எழுத வேண்டும். மழை பெய்யவில்லை என்பதும் பார்க்கவில்லை என்பதும் ஒன்றல்ல என்று ஏழாம் வகுப்புக்குப் புரிந்தால், கணக்குப் புத்தகத்தின் ஒரு பாடத்தை அவர்கள் பாட்டிலிலிருந்தே கற்றுவிட்டார்கள்.

மார்ச், ஏப்ரலில் பெய்யும் பூ மழைக்குப் பிறகு அரபிகா காப்பி ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாளில் பூக்கும். தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது மனப்பாடம். பிள்ளைகள் ஏட்டில் மழைத் தேதியையும் பூத்த தேதியையும் தேடி எடுத்து, நடுவே எத்தனை நாள் என்று எண்ணினார்கள். ஏட்டைத் திரும்பிப் படிக்க ஒரு காரணம் கிடைத்தது. திரும்பிப் படிக்கக் காரணம் இல்லாத ஏடு வெறும் எழுத்துப் பயிற்சியாகச் சுருங்கிவிடும்.

தமிழைத் தட்டச்சு செய்வது

டிடிபி கடைகளில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அங்கே அடித்ததை இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பி நிற்கும். உள்ளே இருப்பது தமிழ் எழுத்தே அல்ல, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி. அப்படி வந்ததை, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் செயலியில் போட்டு மாற்றலாம், பிறகு ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. வகுப்பேட்டுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

விசைப்பலகை, தமிழ் எழுத்துகளையே விசைகளில் வைத்த தமிழ்99 அமைப்பு. ஆங்கில ஒலிப்பில் அடிப்பது முதல் வாரம் எளிது. ஆனால் ல, ள, ழ வேறுபாட்டில் தடுமாறும் பிள்ளைக்கு அந்த முறை இன்னொரு குழப்பம். தமிழ்99-இல் உயிர் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். நடு வரிசையில் இடப்புறம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்புறம் க, ப, ம, த, ந. இந்தப் பத்து விசையை மட்டும் வைத்து முதல் வாரம் "அப்பா", "தம்பி" வகைச் சொற்கள். "அப்பா"வுக்கு மேல் வரிசையில் உள்ள ஆ ஒன்று கூடுதல். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும், ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. இந்த வசதியே சில இடத்தில் காலை வாரும்: "பாடடா" என்று எழுத நினைத்தால் "பாட்டா" வரும். நடுவில் அ விசையைத் தட்ட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. "ஔ" என்பது ஒற்றை எழுத்து. ஒ, ள என்று இரண்டாக அடித்தாலும் திரையில் அதுபோலவே தெரியும். ஆனால் "ஔவை" என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. "கௌ" எழுதும்போதும் இதே கதை. மாதக் கடைசியில் ஒ, ள இரண்டும் ஒட்டி வரும் இடங்களைத் தேடிப் பார்த்துத் திருத்தினார்கள். மொத்தமாக மாற்றிவிடக் கூடாது. "ஒளி", "ஒளிந்தான்" எல்லாம் சேர்ந்து மாறிவிடும்.

எவ்வளவு திருத்துவது

நோட்டில் ஒரு ஜோடி எழுதியது:

"காலைல பனி. மிஸ் வந்தது தெரியல, செருப்புச் சத்தம்தான் கேட்டுச்சு. அறிவியல்ல வெப்பம் நடத்துனாங்க. தெர்மாமீட்டர் 17ன்னு காட்டுச்சு. ஜன்னல் கம்பியத் தொட்டா ஜில்லுன்னு இருக்கு, மரச் சட்டத்தத் தொட்டா அவ்ளோ இல்ல. ரெண்டும் ஒரே ரூம்லதான இருக்கு? கேட்டோம், நாளைக்குன்னு சொன்னாங்க."

முதல் பருவத்தில் இது ஏட்டுக்கு வந்திருந்தால் இப்படி மாறியிருக்கும்: "இன்று காலை பனிமூட்டம் நிலவியது. அறிவியல் பாடத்தில் வெப்பம் பற்றி அறிந்துகொண்டோம். மிகவும் பயனுள்ளதாக இருந்தது." பிழை ஒன்றும் இல்லை, ஆளும் இல்லை. கம்பி வெப்பத்தைக் கையிலிருந்து சீக்கிரம் கடத்துவதால் குளிராகத் தெரிகிறது என்பதே அந்தப் பாடத்தின் நெஞ்சு. பிள்ளைகள் தாங்களாகவே அங்கே வந்து நின்றிருக்கிறார்கள். திருத்தம் அதை அழித்துவிடுகிறது.

இரண்டாம் பருவத்து விதி: ற/ர, ல/ள/ழ, ந/ன/ண, ஒற்று மிகுதல் ஆகியவற்றை மட்டும் ஆசிரியர் பென்சிலில் வட்டமிடுவார்; தட்டச்சு செய்யும்போது பிள்ளைகளே சரிசெய்ய வேண்டும். பேச்சு வடிவத்தில் எழுதியது அப்படியே போகும். பெற்றோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கொச்சையா என்று கேட்டார்கள். மாதத்தில் ஒரு பக்கத்தை எழுத்துத் தமிழில் எழுதுவது என்று ஏற்பாடு செய்ததும் அந்தப் பேச்சு அடங்கியது. சமரசம்தான், ஆனாலும் கெட்ட சமரசம் அல்ல. அந்தப் பக்கங்களிலிருந்து தேறியவை பள்ளிக் கல்வித் துறையின் "தேன்சிட்டு" இதழுக்கு அனுப்பவும் பொருந்தும்.

எது இணையத்துக்குப் போகக் கூடாது

2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒப்புதல் தாளை வாசித்துக் காட்டிக் கையொப்பமோ கைரேகையோ வாங்கினார்கள். தாளில் எழுத்து, குரல், படம் என்று மூன்று தனிக் கட்டங்கள். ஒன்றுக்குச் சரி சொல்லி மற்றதை மறுக்கலாம். ஒரே கட்டமாக இருந்தால், படம் வேண்டாம் என்று நினைக்கும் தாய் மொத்தத்தையும் மறுத்துவிடுவார்.

பெயரும் முகமும் வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. ஏட்டில் ஜோடி எண் மட்டும் போட்டார்கள். படத்தில் கை, நோட்டு, செடி, பாட்டில். கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்து வைத்தார்கள். தப்பிப்போவது வேறு வகை வரிகள். "நானும் தங்கச்சியும் மட்டும் எட்டரைக்கு எஸ்டேட் குறுக்கு வழியில வருவோம், காட்டெருமை நின்னுச்சு" என்ற வரியில் பெயர் இல்லை. ஆனால் இரண்டு குழந்தைகள் தனியாக எந்த நேரத்தில் எந்த வழியில் நடக்கிறார்கள் என்பது முழுவதும் இருக்கிறது. காட்டெருமை ஏட்டுக்குப் போகலாம். நேரமும் வழியும் நோட்டோடு நிற்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கும் காலத்தில், அம்மாவோடு தோட்டத்துக்குப் போனதைச் சில பிள்ளைகள் எழுதுவார்கள். அதை இணையத்தில் ஏற்றினால் குடும்பத்துக்குச் சிக்கல். எழுதாதே என்றால் பிள்ளை நோட்டில்கூடப் பொய் எழுதக் கற்றுக்கொள்ளும். நோட்டில் எழுதட்டும், ஏட்டில் வேண்டாம். பிறகு ஆசிரியர் அந்த வீட்டோடு தனியாகப் பேசுவார். காகிதப் படி தனியாக இருப்பதன் பெரிய லாபம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

சாவி யார் கையில்

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு இல்லை. கூகுள் கணக்கை ஒருவர் தாமே நிர்வகிக்க 13 வயது ஆக வேண்டும். ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்கு ஆகியிருக்காது. வகுப்புக்கென்று ஒரே கணக்கு, ஆசிரியரின் சொந்தக் கணக்கிலிருந்து வேறாக. மீட்பு எண் தலைமை ஆசிரியர் அறைக் கைப்பேசி. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, கூகுள் கொடுக்கும் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து வருகைப் பதிவேடு இருக்கும் பீரோவில் வைத்தார்கள். ஆசிரியருக்கு இடமாறுதல் வந்தால் பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் இதுவும் ஒரு வரி. இப்படிச் செய்யாததால் ஆசிரியரோடு சேர்ந்து மலை இறங்கிப்போன ஏடுகள் உண்டு. இரண்டு ஆண்டு யாரும் நுழையாத கணக்கை கூகுள் நீக்கவும் கூடும்.

பகிர்வில் "இணைப்பு உள்ளவர்" என்பதற்குப் பக்கத்தில் "பார்வையாளர்" என்று இருக்க வேண்டும். "திருத்துபவர்" என்று விட்டால் வீட்டில் தம்பி விரல் பட்டுப் பக்கம் போகும். அப்படி ஒருமுறை போனது, பதிப்பு வரலாற்றிலிருந்து மீண்டது. இணைப்பை யார் யாருக்கு அனுப்பினாலும் திறக்கும் என்பதையும் பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

படங்கள் வாரத்துக்கு இரண்டு. மூன்று, நான்கு எம்பி இருக்கும் கைப்பேசிப் படத்தை நீளப்பக்கம் 1,280 பிக்சலுக்குக் குறைத்தால் சில நூறு கேபியில் அடங்கும்.

பெற்றோரில் பலர் இணைப்பைத் திறக்கவே இல்லை. வாரப் பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்கிக் குழுவில் போட்டதும் திறந்தவர்கள் கூடினார்கள். அதைவிட எடுபட்டது, ஏற்காடு டவுனின் ஒண்டிக்கடைப் பகுதியில் ஜெராக்ஸ் எடுத்துப் பள்ளி வாசலில் ஒட்டிய தாள். படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளையே வாசித்து ஒரு நிமிடக் குரல் பதிவாக அனுப்பும் யோசனை பாதியில் நின்றது; மதிய இரைச்சலில் பதிய அமைதியான மூலை பள்ளியில் கிடைக்கவில்லை.

ஏப்ரலில் ஏட்டை மூடும்போது செய்த வேலை: மாதக் கோப்புகள் ஒவ்வொன்றையும் பிடிஎஃப், டாக்எக்ஸ் இரண்டு வடிவிலும் இறக்கி, இரண்டு பென் டிரைவில் வைத்து, ஒன்று பீரோவுக்கு, ஒன்று தலைமை ஆசிரியரிடம். இணைப்பைப் பெற்றோருக்கு மே இறுதிவரை திறந்து வைத்து, பிறகு பகிர்வை நிறுத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர்கள் எழுதிய பக்கங்களின் நகல் போயிற்று. மழையும் வெப்பநிலையும் மட்டும் தனி விரிதாளுக்குப் பெயர்க்கப்பட்டன. அதில் யாருடைய பெயரும் இல்லை என்பதால் அடுத்த ஏழாம் வகுப்பு ஜூனில் அதே தாளில் அடுத்த வரியிலிருந்து தொடரலாம்.